ஜலத்துக்கு ஏது மூலை

கல்யாணமாகி நான் கல்கத்தாவுக்கு வந்தபோது எங்களுக்கு வாய்த்தது பவானிபூரில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம். நடுவே வானம் பார்த்த முற்றம். முற்றத்தின் ஓரத்தில் கார்ப்பரேஷன் குழாய், அதன் கீழே தேய்ந்து வழுவழுத்துப்போன கல் மேடை. மாடியில் வீட்டுக்காரர்கள் இருந்தார்கள், வங்காளிக் குடும்பம். பின்னாளில் தமிழர்கள் குடியேறிய லேக் மார்க்கெட் என்ற பெயரே அப்போது கிடையாது. கரியாஹாட் பக்கம் போனால் வயலும் குளமும்தான் கண்ணில் படும். தமிழில் நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால் டிராம் ஏறிப் போய் யார் வீட்டுக் கதவையாவது தட்ட வேண்டும். அதனால் எனக்கு ஊர், உறவு எல்லாம் மாடி வீடுதான்.

மாடி வீட்டு அம்மாள் என்னைவிடச் சில வயது பெரியவள். அவளை நான் தீதி என்று கூப்பிடுவேன், வங்காளியில் அக்கா. வந்த புதிதில் எனக்குத் தெரிந்த வங்காளி வார்த்தை அது ஒன்றுதான். மீதியெல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தது, கறிகாய் நறுக்கிக்கொண்டே, துணி உலர்த்திக்கொண்டே, பாதி கைஜாடையில். நம் வீட்டில் ஜலம் என்பதை அவர்களும் 'ஜொல்' என்றுதான் சொல்கிறார்கள் என்று தெரிந்த அன்று, நாங்கள் இருவரும் குழாயடியில் நின்று புதையல் கண்டெடுத்தவர்கள்போலச் சிரித்தோம்.

தீதியின் கணவர் ஹைக்கோர்ட் வக்கீல். அவருடைய தம்பிதான் இந்தக் கதைக்கு வேண்டியவர். மொட்டைமாடியில் இருந்த தகரக்கூரை அறையில் படம் எழுதிக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், விரலெல்லாம் சாயம், தோளில் எப்போதும் ஒரு கம்பளிச் சால்வை. தன் அண்ணியை அவர் பௌதி என்பார். என்னை மத்ராஸ் பௌதி. பார்த்தால் கையைக் கூப்பி, "பௌதி, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு மாடிப்படி ஏறிவிடுவார். அந்த அறைக்குள் என்ன எழுதுகிறார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. காட்டச் சொன்னால், "முடியட்டும்" என்பார். எதுவும் முடிந்ததாகத் தெரியவில்லை.

எனக்குப் படம் பார்க்கும் பித்து அதற்கு முன்பே பிடித்துவிட்டது. அதற்குக் காரணம் என் கணவர். க்ளைவ் தெருவில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் அவருக்கு உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைகளில் சௌரங்கியிலிருந்த பெரிய மியூசியத்துக்கு என்னைக் கூட்டிப் போவார். ஊர்க்காரர்கள் அதை 'ஜாதுகர்' என்பார்கள், மாய வீடு என்று அர்த்தம். பெயருக்குத் தகுந்த வீடுதான். ஒரு அறையில் ராட்சச மீனின் எலும்பு, அடுத்ததில் தலை இல்லாத கல் தேவதை, அதற்கடுத்ததில் வண்ணத்துப்பூச்சிகள்.

என் கணவர் எந்தச் சிலையின் முன் நின்றாலும் முதலில் அதன் கீழே ஒட்டியிருக்கும் சீட்டைப் படிப்பார். மெதுவாக, உதடு அசைய, கடைசி எழுத்துவரை. பிறகு தலையை நிமிர்த்திச் சிலையை ஒரு பார்வை, சீட்டில் எழுதியது சரிதானா என்று பார்ப்பதுபோல. அடுத்த சீட்டுக்குப் போய்விடுவார். எனக்கு அப்போது இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் நான் சிலையையே பார்ப்பேன். பார்த்துக்கொண்டே இருந்தால் ஏதாவது தோன்றும். வீடு திரும்பும் வழியில் டிராமில் அதைச் சொல்வேன்.

"அந்த யக்ஷிக்கு இடுப்பு இத்தனை வளைஞ்சிருக்கே, ஆனா பாதம் மட்டும் பலகை மாதிரி இருக்கு. செதுக்கினவனுக்குப் பாதம் வரலையா, இல்லை அலுத்துப்போயிட்டானா?"

"அப்படியெல்லாம் சீட்டுலே போடலையே."

"சீட்டுலே போடாததைத்தானே நாம பேசணும்?"

"ரெண்டாயிரம் வருஷத்துச் சிலை. அதைப் போய்க் குத்தம் சொல்றியே."

"குத்தம் சொல்லலை. பார்த்ததைச் சொல்றேன்."

அவர் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த யக்ஷியின் முன்னால் போய் நின்று அவர் முதலில் குனிந்து பார்த்தது பாதத்தைத்தான். நான் கவனித்தேன்.

ஒரு குளிர்காலத்தில் ஊரில் ஒரு ஓவியக் காட்சி வைத்தார்கள். புது மாதிரி வரையும் வங்காளி ஓவியர்களுடைய படங்கள், கூடவே கப்பலில் வந்த சில வெளிநாட்டுப் படங்கள். தீதியின் மைத்துனர் படமும் அதில் தொங்குகிறது என்று வீட்டுக்கே பத்திரிகை பார்த்துத்தான் தெரிந்தது. என் கணவர் காலையில் காப்பி குடித்துக்கொண்டே ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் வந்திருந்த விமரிசனத்தைப் படித்துத் தமிழில் சொன்னார். நம் மாடி ஓவியரின் படத்துக்குப் பெயர் 'காலை'. படம் முழுக்கச் சதுரமும் முக்கோணமும். நடுவே குறுக்கே ஓடும் பச்சைப் பட்டை வங்காளத்தின் உயிர் நதி என்றும், அது உடைந்து உடைந்து ஓடுவது இந்த நூற்றாண்டின் மனவேதனை என்றும் விமரிசகர் எழுதியிருந்தார்.

"மனவேதனையா? பாவம், நன்னாத்தானே இருந்தார்" என்றேன்.

"கலைஞர்களுக்கு உள்ளுக்குள்ளே இருக்கும்" என்றார் என் கணவர், பத்திரிகையை மடித்தபடி.

வாரத்தில் ஒரு பிற்பகல் பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியிருந்தார்கள். பெரிய வீட்டு வங்காளிப் பெண்கள் அன்னிய ஆண்கள் நடுவே வரமாட்டார்கள் என்பதால் இந்த ஏற்பாடு. அந்த நாளில் வாசல் காவலாளிகூட வெளியே தெருவில் போய் நின்றுகொள்ள வேண்டும். தீதி என்னையும் இழுத்துக்கொண்டாள். ஜன்னல் சாத்திய குதிரை வண்டியில் நானும் தீதியும் அவர்கள் வீட்டிலேயே இருந்த இரண்டு அத்தைகளும் நெருக்கி உட்கார்ந்து போனோம்.

அப்படி ஒரு இரைச்சலை நான் எந்த மியூசியத்திலும் கேட்டதில்லை. ஆண் ஒருவர்கூட இல்லை என்றதும் பெண்களுக்கு வாய் திறந்துகொண்டது. ஒருத்தி ஒரு வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து, இது என் நாத்தனார் மடித்த புடவை மாதிரி இருக்கிறது என்றாள். இன்னொருத்தி ஒரு மெல்லிய நீலப் படத்தின் முன் நின்று, அழகாக இருக்கிறது, ஆனால் இந்தப் பெண் சாப்பிட்டு ஒரு வாரமாகியிருக்கும் என்றாள். சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் அந்தப் பெண்ணின் விரல்கள் பட்டினிக்காரி விரல்களாகத்தான் எனக்கும் தெரிந்தன. சிரிப்புக்குள் ஒரு விமரிசனம் இருந்தது.

நம் வீட்டு ஓவியரின் படம் கடைசிச் சுவரில் இருந்தது. தீதி அதைப் பார்த்ததும் தலைப்பை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். "ஐயோ, கண்ணாடி ஜன்னல் உடைஞ்ச மாதிரி இருக்கே. இதுக்கா இந்தப் பிள்ளை வேலைக்குப் போகாம உட்கார்ந்திருக்கு?"

நானும் முதலில் உடைசலைத்தான் பார்த்தேன். சாம்பல், காவி, நடுவே அந்தப் பச்சை. உயிர் நதியைத் தேடினேன். அகப்படவில்லை. சரி, மியூசியத்தில் செய்கிறதைப்போல நின்றுகொண்டே இருப்போம் என்று நின்றேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பச்சையின் ஓரத்தில் ஒரு மெல்லிய அரக்குக் கோடு தெரிந்தது. பச்சை எத்தனை துண்டாக உடைந்தாலும் அரக்குக் கோடு கூடவே போயிற்று. படத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். அவ்வளவு நீளமாக, அரக்குக் கரையோடு, கிளிப்பச்சையில் இந்த ஊரில் என்ன இருக்க முடியும்?

எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை.

"தீதி, இது என் புடவை!"

"என்னது?"

"என் ஒன்பது கஜம். முற்றத்துக் கொடியில் உலர்த்துவேனே, அது. நதி இல்லை, புடவை!"

என் புடவையின் நீளம் அந்த வீட்டில் தீராத வேடிக்கை. கொடியில் போட்டால் முற்றத்தையே சுற்றி வருகிறது என்று அத்தைகள் என்னைக் கேலி செய்வார்கள். தீதி தலைப்பை விலக்கிக்கொண்டு கிட்டே போனாள். பச்சையைப் பிடித்தபின் மற்றதெல்லாம் தானாக வந்தது. அதோ மாடிப்படி, படிப்படியாகக் காவி. அதோ குழாய். மேலே நீலச் சதுரம், அது நம் வானம். படியின் நடுவில் வளைந்து இறங்கும் சிவப்புக் கீற்றைத் தீதிதான் கண்டுபிடித்தாள். "என் புடவைக் கரை! காலையில நான் கீழே இறங்கி வர்றேன்!"

அவ்வளவுதான். சற்று முன் முகத்தை மூடிக்கொண்டவள் இப்போது அறையின் மறுகோடிக்குக் கேட்கும்படி எல்லோரையும் கூப்பிட்டாள். பெண்கள் வந்து மொய்த்துக்கொண்டார்கள். தீதி விரலை நீட்டி நீட்டிக் காட்டினாள், அவள் வீட்டுக்கு விருந்தாளி வந்ததுபோல. ஒரு அத்தை தன் வெற்றிலைப் பெட்டியையும் கண்டுபிடித்தாள். அது அந்தப் படத்தில் இல்லை என்று இன்றைக்கும் நான் சத்தியம் செய்வேன். ஆனால் அவள் அத்தனை சந்தோஷமாக இருந்தாள்.

கூட்டம் நகர்ந்த பிறகும் நான் அங்கேயே நின்றேன். சந்தோஷத்துக்கு அடியில் ஏதோ ஒன்று உறுத்தியது. காட்சியைக் கவனித்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் என் பக்கத்தில் வந்தார். மூக்குக்கண்ணாடி போட்டவர், ஏதோ பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்பவர்.

"ரொம்ப நேரமா நிக்கிறீங்க. பிடிச்சிருக்கா?" என்று வங்காளியில் கேட்டார்.

"பிடிச்சிருக்கு. ஆனா இந்த ஜலம் மட்டும்..."

"ஜலத்துக்கு என்ன?"

எனக்குத் தெரிந்த வங்காளியில் கையையும் சேர்த்துக்கொண்டு சொன்னேன். சுவருக்கு மூலை உண்டு, படிக்கு விளிம்பு உண்டு. புடவைகூடக் காய்ந்து மொடமொடத்தால் முனை வரும். அதையெல்லாம் இவர் கோணம் கோணமாக வெட்டியதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குழாயிலிருந்து விழும் ஜலத்தையும் அதே கத்தியால் வெட்டிவிட்டார். ஜலத்துக்கு ஏது மூலை? எல்லாவற்றையும் ஒரே மாதிரி வெட்டினால், அவர் பார்த்து வெட்டுகிறாரா, பழக்கத்தில் வெட்டுகிறாரா?

அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைத் திரும்பப் பார்த்தார்.

அவர் அன்றே போய் ஓவியரிடம் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் காலை நான் குழாயடியில் குடம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஓவியர் படியில் தடதடவென்று இறங்கி வந்தார். கை கூப்பவில்லை, சௌக்கியமும் விசாரிக்கவில்லை.

"மத்ராஸ் பௌதி, என் தண்ணி தண்ணியாவே இல்லைன்னு சொன்னீங்களாமே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் சொன்னதைச் சொல்லவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. "மூலை இருக்குன்னு சொன்னேன்" என்றேன்.

"தண்ணி உடையும். நான் பார்த்திருக்கேன். தினமும் மேலேயிருந்து பார்க்கிறேன்."

"நான் தினமும் கிட்டேயிருந்து பிடிக்கிறேன்."

"சரி, திறங்க. இப்பவே பார்த்துடலாம்."

குளிர்கால வெயில் அந்த நேரத்துக்குத்தான் முற்றத்துக்குள் இறங்கும். நான் குழாயைத் திறந்தேன். ஜலம் கல்மேடையில் விழுந்தது. அவர் சால்வையோடு ஈரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். "பாருங்க, பாருங்க!" என்று கூவினார். விழுந்த இடத்தில் ஜலம் வெயிலில் சிதறித் துண்டு துண்டாகத் தெறித்தது. ஒவ்வொரு துண்டுக்கும் கூரான முனை இருந்தது. அத்தனை நாள் அந்தக் கல்லில் குடம் வைத்திருக்கிறேன், அதை நான் பார்த்ததே இல்லை. கண்ணாடிச் சில்லு மாதிரி இருந்தது. என் புறங்கையிலும் தெறித்தது.

"உடைஞ்சதா இல்லையா?" என்றார்.

"உடைஞ்சது" என்று ஒப்புக்கொண்டேன். "ஆனா அது விழுந்த அப்புறம். விழற வரைக்கும்?"

அவர் கண்ணை மேலே உயர்த்தினார். குழாய் வாயிலிருந்து கல்வரைக்கும் ஜலம் ஒரே இழையாக, அசையாததுபோல இறங்கிக்கொண்டிருந்தது.

இதற்குள் மாடியில் வக்கீல், தீதி, அத்தைகள் எல்லோரும் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் ஆபீஸ் கோட்டும் தலைப்பாகையுமாக வெளியே வந்தார். "என்ன ஆச்சு? குழாய் ரிப்பேரா?"

"இல்லை. இங்கே வந்து பாருங்கோ. ஜலம் உடையறதா, உடையலையா?"

பாவம், படிக்க அங்கே எந்தச் சீட்டும் கிடையாது. வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தமக்குத் தெரிந்த வங்காளியில், மிகவும் மரியாதையாக, "மேலே ஒண்ணு, கீழே பல" என்றார்.

ஓவியர் அண்ணாந்து அவரைப் பார்த்தார். பிறகு ஈர வேஷ்டியோடு அப்படியே பின்னால் சாய்ந்து உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். "மேலே பார்க்கலை பௌதி. விழுந்த இடத்தையேதான் பார்த்துக்கிட்டிருந்தேன். மேலே பார்க்கவே இல்லை!" மாடியிலிருந்து வக்கீல், கார்ப்பரேஷன் தண்ணீர் வீணாகிறது, யாராவது குழாயை மூடுங்கள் என்று கத்தினார். என் கணவர் வழக்கமான டிராமைத் தவறவிட்டார். அவர் அப்படித் தவறவிட்டு நான் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாக அவர் சொன்னார்: "டிராம்லே என்கிட்டே சொல்றியே, அந்த மாதிரியே இதை எழுதேன். மெட்ராஸ்லே ஸ்திரீகளுக்குன்னு மாசப் பத்திரிகை வரதே, அதுக்கு அனுப்பலாம்."

"எனக்கு என்ன தெரியும் எழுத?"

"தெரிஞ்சவாதான் நதின்னு எழுதினா."

எழுதினேன். அரிசி களைந்துவிட்டு ஒரு வரி, குழம்பு கொதிக்கும்போது ஒரு வரி. பெண்கள் சிரித்தது, புடவையைக் கண்டுபிடித்தது, குழாயடிப் பரீட்சை எல்லாவற்றையும் எழுதினேன். படத்தில் எனக்குப் பிடித்ததையும் பிடிக்காததையும் ஒளிக்காமல் எழுதினேன். சில மாதம் கழித்து அச்சில் வந்தது. பத்திரிகையைப் பிரித்து என் வாக்கியங்களை அச்செழுத்தில் பார்த்தபோது காதெல்லாம் சூடாயிற்று. என் கணவர் முதலில் தலைப்பைப் படித்தார், பிறகு முழுவதும், உதடு அசைய.

ஓவியர் விடவில்லை. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மொட்டைமாடியில் பாய் விரித்து, தீதி மசாலாப் பொரி கலந்து வைத்து, அவருடைய சிநேகிதர்கள் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள். நான் தமிழில் ஒரு பத்தி படிப்பேன், பிறகு அதை வங்காளியில் சொல்வேன். வார்த்தை தடுக்கினால் தீதி கைகொடுப்பாள்.

'அந்தப் பச்சை நதி இல்லை, என் புடவை' என்ற இடம் வந்ததும் சிநேகிதர்கள் ஒரே குரலில் ஆரவாரம் செய்து, மூலையில் இருந்த தாடிக்காரர் ஒருவரைப் பிடித்துக் குலுக்கினார்கள். இங்கிலீஷ் பத்திரிகையில் நதி என்று எழுதியவர் அவர்தான்! எனக்கு எங்கே ஒளிவது என்று தெரியவில்லை. அவரோ சிரித்துக்கொண்டே கையை உயர்த்தினார்.

"தோத்துட்டேன். ஆனா ஒரு கேள்வி. பார்க்கிறவனுக்கு நதியாத் தோணினா, அது நதியாவும் இருக்கலாம் இல்லையா?"

யோசித்துப் பார்த்தால் அது நியாயமான கேள்வி. "இருக்கலாம்" என்றேன். "ஆனா சாயங்காலம் நான் மடிச்சு உள்ளே வச்சுடுவேன்."

அவரே எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார்.

அதன்பிறகு ஒரு வாக்கியம் வந்தது. அந்தப் படத்தில் நிறங்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளம்பி விரிவதைச் சொல்ல, 'இந்தப் படத்தில் ஒரு ராகம் இருக்கிறது' என்று எழுதியிருந்தேன். வங்காளியில் அப்படியே சொன்னேன், ராக் இருக்கிறது என்று. ஓவியர் பொரியைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்தார்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார் மெதுவாக.

"என்ன?"

"அதை எழுதினபோது நான் கோபத்தில இருந்தேன். அண்ணன் என்னை ஒரு ஆபீஸ்ல குமாஸ்தாவாச் சேர்த்துவிடறதுன்னு முடிவு பண்ணியிருந்தார். நான் அவர்கூடப் பேசறதையே விட்டுட்டேன். யார்கிட்டேயும் சொல்லலை. அந்தக் கோடுங்க எல்லாம் அந்தக் கோபம்தான்."

தீதி என் காதில் கிசுகிசுத்தாள். வங்காளிப் பேச்சில் ராக் என்றால் கோபம். பாட்டு ராகத்துக்கும் அதே சொல்தான், ஆனால் யார் காதிலும் முதலில் விழுவது கோபம்தான். நான் சங்கீதத்தைச் சொல்லப் போக, அது கோபமாகப் போய் விழுந்திருக்கிறது. விழுந்த இடமும் சரியான இடம்.

உண்மையைச் சொல்லிவிட்டேன். அப்போது கிளம்பிய சிரிப்பில் பக்கத்து வீட்டு மாடியிலிருந்த புறாக்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. ஆனால் படிக்கட்டு வாசலில் வக்கீல் நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தோம். அவர் எப்போது வந்தாரோ. தம்பியின் பக்கத்தில் வந்து பாயில் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய வக்கீல் சின்னப் பிள்ளைபோலப் பொரியைக் கிளறினார்.

"அந்த முக்கோணமெல்லாம் என் மேலே உள்ள கோபமா?" என்று கேட்டார்.

"எல்லாம் இல்லை, தாதா" என்றார் தம்பி. அண்ணனை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "பாதி."

"அப்போ குமாஸ்தா வேலை வேண்டாம். இன்னும் ரெண்டு படத்துக்குக் கோபம் என்னால தாங்க முடியாது."

இப்படியாக அந்த வீட்டில் பேச்சுவார்த்தை திரும்பியது. என் தப்பான வங்காளிக்குத் தீதி அன்று இரண்டு மடங்கு பொரி வைத்தாள்.

அடுத்த குளிர்காலத்துக் காட்சிக்கு ஓவியர் எங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டார்: இந்த முறை உங்கள் பேச்சைக் கேட்டிருக்கிறேன். இப்போது தீதி பெண்கள் பிற்பகலுக்குக் காத்திருக்கவில்லை. கணவரோடு பொது நாளிலேயே கிளம்பினாள். அத்தைகள் முணுமுணுத்தார்கள், பிறகு அவர்களும் வண்டியில் ஏறிக்கொண்டார்கள்.

புதுப் படம் நல்ல இடத்தில் மாட்டியிருந்தது. அதே முற்றம். சுவர், படி, வானம் எல்லாம் கோணம் கோணமாக. நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரே வெள்ளை இழை, ஒரு வெட்டு இல்லாமல், ஒரு மூலை இல்லாமல். நான் கேட்ட ஜலம். ஓவியர் தூண் பக்கத்தில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். எதுவும் தோன்றவில்லை. ஜலம் சரியாக இருந்தது. சரியாக இருந்ததனாலேயே படத்தில் ஒட்டாமல், யாரோ சொல்லி வைத்ததுபோலத் தனியாக நின்றது. போன வருஷத்துப் படத்தில் தப்பு இருந்தது, ஆனால் அது மூச்சு விட்டது. இது விடவில்லை. பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. என் கணவர் என் பக்கத்தில் நின்று, "நன்னா இல்லையே" என்று மெல்லத் தமிழில் சொன்னார். நான் திடுக்கிட்டு அவரைப் பார்த்தேன். அவரும் அதைத்தான் பார்த்திருக்கிறார்.

ஓவியர் கிட்டே வந்தார். "சொல்லுங்க பௌதி."

"என் பேச்சைக் கேட்டிருக்க வேண்டாம்" என்றேன். "நான் பார்த்த ஜலத்தை நீங்க எழுதியிருக்கீங்க. நீங்க பார்த்தது எங்கே?"

அவர் முகம் ஒரு நொடி வாடியது. பிறகு, அடக்கி வைத்திருந்த மூச்சை விடுவதுபோலப் பெரிதாக விட்டார். "அப்பாடா! எனக்கும் அப்படித்தான் தோணுது. மூணு மாசமா அதைப் பார்க்கிறப்பல்லாம் யார் வீட்டுக்குள்ளேயோ நுழைஞ்ச மாதிரி இருந்தது. ஆனா உங்களுக்குப் பிடிக்கும்னு நினைச்சு மாத்தாம விட்டேன்."

"எனக்குப் பிடிக்கிறதுக்கா படம் எழுதறது?"

"அதானே!" என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு நாங்கள் எத்தனையோ படங்களுக்குச் சண்டை போட்டிருக்கிறோம். அவர் கேட்பார், நான் சொல்வேன், அவர் தலையாட்டுவார். ஒருமுறைகூட நான் சொன்னபடி மாற்றியதில்லை. எனக்கும் அதில்தான் திருப்தி.

வெளியே வந்து எல்லோருமாக மைதானத்துப் புல்லில் உட்கார்ந்தோம். மத்தியான வெயில் இதமாக இருந்தது. தூரத்தில் யாரோ பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். வக்கீல் ஒரு கூடை கமலா ஆரஞ்சு வாங்கி வந்தார். உரித்து உரித்துத் தின்றுகொண்டே ஒவ்வொருவரும் தங்களுக்குப் பிடித்த படத்தைச் சொன்னோம். ஒருவர் சொன்னது இன்னொருவருக்குப் பிடிக்கவில்லை. வக்கீல் கோர்ட்டில் பேசுவதுபோல ஒரு குதிரைப் படத்துக்காக வாதாடினார். என் கணவர் அந்தக் குதிரைக்கு முன்கால் சரியில்லை என்று எதிர்வாதம் செய்தார்.

தீதி மட்டும் இன்னும் சுளை உரித்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "அந்தப் பக்கத்து அறையில ஒரு சின்னப் படம் இருக்கே, வெளிநாட்டுது. கறுப்பு மையில கொஞ்சம் கோடு. யாருமே நிக்கல."

"அதுல என்ன இருக்கு?" என்றார் வக்கீல்.

"என்ன இருக்குன்னு தெரியல. நல்லா இருக்கான்னுகூடத் தெரியல. ஆனா எல்லாத்தையும் பார்த்துட்டு வந்த பிறகும் அதுதான் கண்ணுக்குள்ள நிக்குது."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்களில் ஒருவருக்கும் அந்தப் படம் ஞாபகம் இல்லை. காட்சியைச் சாத்துவதற்கு இன்னும் நேரம் இருந்தது. ஓவியர் மடியிலிருந்த ஆரஞ்சுத் தோலை உதறிவிட்டு எழுந்தார். அத்தைகள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். தீதி முன்னால் நடந்தாள், நாங்கள் எல்லோரும் அவள் பின்னால், டிராம் பாதையைத் தாண்டி, மறுபடி உள்ளே.